மரவள்ளி மாவில் இரத்தத்தைப் படித்தவர்

செய்தி வந்தபோது நான் முதலாண்டு மாணவிகளின் செய்முறை வகுப்பில் நின்றுகொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் வந்து, "மேடம், உங்களுக்கு போன். கோரிப்பாளையத்துலருந்து" என்றார். கோரிப்பாளையம் என்ற ஒரு சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் படி இறங்கும்போது, வேறு எதற்காவது இருக்கும், ஆஸ்பத்திரிக்கு ஏதாவது வாங்கி வரச் சொல்வதற்காக இருக்கும் என்று மனம் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்தது.

பேசியவர் காதர் அண்ணன். மெஹருன்னிசா அவர்களின் ஒரே அண்ணன், கறிக்கடை வைத்திருப்பவர். அவர் கடையில் பேசினால் தெருமுனையில் கேட்கும். அன்று போனைக் காதோடு அழுத்த வேண்டியிருந்தது.

"தனம், தங்கச்சி மவுத்தாயிருச்சும்மா. விடியக்காலைல, சுபுஹுத் தொழுகை முடிஞ்சு கொஞ்ச நேரத்துல. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பெறகு எடுக்குறோம். வந்துரும்மா."

"வாரேண்ணே" என்று மட்டும் சொன்னேன். வகுப்புக்குத் திரும்பி, கண்ணாடிச் சாமான்களைக் கழுவி வைக்கச் சொல்லிவிட்டு டவுன் பஸ் பிடித்தேன். வைகைப் பாலத்தின் நடுவில் ஏதோ நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. இறங்கி நடந்தேன்.

எங்கள் கல்லூரியின் விலங்கியல் துறையில் படித்தவர்களுக்கும் பணியாற்றியவர்களுக்கும் மெஹருன்னிசா அவர்களை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெளியே இருப்பவர்களுக்கு அவரைத் தெரிய வாய்ப்பில்லை. பரிசு வாங்கியவர் அல்லர். மேடை ஏறியவரும் அல்லர். ஆட்டு இரத்தத்திலிருந்து அதன் பிறப்பைப் படிக்கும் முறையை, ஒரு சாதாரணக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குக் கட்டுப்படியாகும்படி செய்துகாட்டியவர். அந்த முறையால் நடந்த நன்மையும் அவர் கையால்தான் நடந்தது. ஒரு கேடும் அவர் கையால்தான் நடந்தது. இரண்டையும் அவர் மறைத்ததில்லை. நானும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நான் அந்தக் கல்லூரியின் வேதியியல் துறையில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். செக்கானூரணிக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவள். புது இடம், யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். ஒரு மத்தியான வேளையில் எங்கள் ஆய்வுக்கூடத்துக் கதவைத் தட்டாமல் விலங்கியல் துறை ஆசிரியை மெஹருன்னிசா உள்ளே வந்தார். ஒல்லியான உருவம். தலையிலிருந்து நழுவும் முந்தானையை இழுத்துவிட்டபடியே அலமாரிகளைக் கண்ணால் துழாவினார். கையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி.

"அசிட்டோன் இருக்கா?"

"எதுக்கு மேடம்?"

"மரவள்ளிக்கிழங்கு மாவைக் கொஞ்சம் கெடுக்கணும்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே, நடந்தபடியே, எடுத்த குப்பியை வேறு இடத்தில் வைத்தபடியே விளக்கினார். நான் அன்று புரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆட்டின் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின். அது எல்லா ஆட்டிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஏ, பி என்று இரண்டு வகை உண்டு. குட்டி தாயிடமிருந்து ஒன்றையும் தகப்பனிடமிருந்து ஒன்றையும் வாங்கிக்கொண்டு பிறக்கிறது. மாவுக் கூழைப் பலகைபோல உறையவைத்து, அதில் கீறல் போட்டு, இரத்தத்தில் தோய்த்த தாள் துணுக்கைச் செருகி, மின்சாரம் பாய்ச்ச வேண்டும். ஏ வகை முந்தி ஓடும், பி பின்தங்கும். மின்சாரத்தை நிறுத்தினால் அவை நின்ற இடத்தில் சிவப்புக் கோடுகள் தெரியும். ஒரே கோடு என்றால் தாயும் தகப்பனும் ஒரே வகையைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கோடு என்றால் ஆளுக்கொன்று.

வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கோடை விடுமுறையில் அவர் இதைப் பார்த்துப் பழகியிருந்தார். அங்கே வெளிநாட்டு உருளைக்கிழங்கு மாவு டின் டின்னாக வரும். எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு டின் வாங்கினால் துறையில் அந்த ஆண்டு வேறு எதுவும் வாங்க முடியாது. ஆகவே சேலத்து மரவள்ளி மாவு. பச்சை மாவு அப்படியே உறையாது. அசிட்டோனும் துளி அமிலமும் சேர்த்து வெதுவெதுப்பில் வைத்து அதை அளவாகச் சிதைக்க வேண்டும். அந்த அளவுதான் யாருக்கும் தெரியவில்லை. அதற்காகத்தான் என்னிடம் வந்தார்.

அமிலம் கூடினால் கூழ் கஞ்சியாகவே நின்றது. குறைந்தால் ரப்பராகிக் கோடு நகரவில்லை. பல மாதங்கள் இப்படிப் போயின. எனக்குச் சலிப்பு வரும். அவருக்குச் சலிப்பு வந்தால் வேகம் கூடும். ஒரு கிண்ணம் ஆறுவதற்குள் அடுத்ததைக் கலக்கத் தொடங்கிவிடுவார். "ஆறட்டும்க்கா" என்றால், "அது ஆறட்டும், நான் எதுக்கு ஆறணும்?" என்பார். எப்போது மேடம் போய் அக்கா வந்தது என்று எனக்கு நினைவில்லை.

இரத்தம் காதர் அண்ணன் கடையிலிருந்து வந்தது. விடிந்ததும் அறுக்கும் ஆடுகளின் இரத்தத்தை அக்கா சின்னச் சின்னக் குப்பிகளில் பிடித்துக்கொண்டு கல்லூரிக்கு வருவார். அண்ணன் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக் காட்டுவார்: "ஊரு உலகத்துல தங்கச்சிங்க அண்ணங்கிட்ட நகை கேக்கும், பட்டுச்சேலை கேக்கும். எந்தங்கச்சி ரத்தம் கேக்குது." சொல்லிவிட்டு அவரே குப்பியைக் கழுவிக் கொடுப்பார்.

கூழில் மின்சாரம் பாய்ச்சும் பெட்டியை மேலமாசி வீதியில் ரேடியோ பழுதுபார்க்கும் ஒருவர் பழைய ரேடியோ உறுப்புகளைக் கொண்டு செய்து கொடுத்தார். கூழ் சூடாகாமல் இருக்க மீன் வியாபாரிகள் வாங்கும் ஐஸ் கட்டியை உமியோடு வாங்கி வந்தோம். ஹீமோகுளோபின் தானே சிவப்பாகத் தெரியும். இரத்தத்தின் மற்றப் புரதங்களைப் பார்க்கச் சாயம் வேண்டும். அந்தச் சாயமும் வெளியூரிலிருந்து சிறு குப்பியில் வருவது. மெஹருன்னிசா அக்கா அதன் வேதிப்பெயரைப் பார்த்துவிட்டு, பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் கருநீலச் சாயம்தானே இது என்று கேட்டார். எனக்கு உறைக்கவில்லை. அன்றே முனிச்சாலைப் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்குப் போனோம்.

பட்டறைக்காரர் கேட்டார்: "எத்தனை சேலைக்கும்மா?"

"சேலை இல்லண்ணே. ஆட்டு ரத்தத்துக்கு."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அந்தச் சாயம் நன்றாகவே பிடித்தது.

முதன்முதலாகக் கூழில் கோடுகள் தெளிவாகப் பிரிந்து நின்ற நாள் ஒரு வெயில் நாள். ஜன்னலோரம் பலகையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு கோடு, இரண்டு கோடு, ஒரு கோடு. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இது கறிக்கடை ஆடு. தாய் யாரு, தகப்பன் யாருன்னு தெரியாது. தெரிஞ்ச மந்தை வேணும் தனம்" என்றார்.

அப்படித்தான் கீழக்குயில்குடிப் பக்கம் போகத் தொடங்கினோம். சமணர் மலை அடிவாரத்தில் ஆட்டுக் கிடை போடுபவர்கள் பலர் இருந்தார்கள். ஆரம்பத்தில் ஊசியைக் கண்டாலே விரட்டினார்கள். ஒரு பெரியவர், "ரத்தத்த எடுத்தா ஆடு மெலிஞ்சுரும், போங்கம்மா" என்றார். அக்கா தம் கையை நீட்டி, ஊசியை என்னிடம் கொடுத்து, "எடு" என்றார். நான் தடுமாறி எடுத்தேன். பெரியவர் பார்த்துவிட்டு, "படிச்ச பிள்ளைக இப்படியா திரியும்" என்று சொல்லிக்கொண்டே ஓர் ஆட்டைப் பிடித்து நிறுத்தினார்.

அவருடைய நோக்கம் கோடு பார்ப்பதோடு நிற்கவில்லை. மழைக்காலத்தில் வயிற்றுப்புழு வந்து குட்டிகளை வாரிக்கொண்டு போகும். ஒரே மந்தையில், ஒரே மேய்ச்சலில், சில குட்டிகள் மட்டும் தாக்குப்பிடிக்கும். அந்தத் தாக்குப்பிடிக்கும் குணம் எந்த மரபணுவில் இருக்கிறது என்று நேராகப் பார்க்க வழியில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் இந்தக் கோடுகளில் ஏதாவது ஒன்று அந்தக் குணத்தோடு சேர்ந்தே பயணம் செய்தால் போதும். கோட்டைப் பார்த்தே நல்ல கிடாவைத் தேர்ந்தெடுத்துவிடலாம். மந்தைக்காரர் ஒருவர் இது என்ன கணக்கு என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

"மரபணுங்கிறது கயித்துல கோத்த மணி மாதிரிண்ணே. ரெண்டு மணி பக்கத்துல பக்கத்துல இருந்தா குட்டிக்குப் போகும்போது சேந்தே போகும். தூரமா இருந்தா அடிக்கடி பிரிஞ்சுரும். எம்புட்டுத் தடவை பிரியுதுன்னு பாத்தா, எம்புட்டுத் தூரத்துல இருக்குன்னு தெரிஞ்சுரும். அம்புட்டுத்தான்."

இனி அந்தப் பண்ணைக் கதை.

நகரத்துக்கு மேற்கே ஓர் ஆட்டுப் பண்ணை இருந்தது. பெயர் இங்கே வேண்டாம். அங்கே நல்ல கிடா ஒன்றை வாங்கி, தேர்ந்தெடுத்த தாய் ஆடுகளோடு சேர்த்திருந்தார்கள். பிறந்த குட்டிகள் முதலில் நன்றாக வளர்ந்தன. அந்த மழைக்காலம் முடிந்தபோது பாதிக் குட்டிகள் எலும்பும் தோலுமாக நின்றன. பண்ணையின் ஆட்டுக்காரர் சோணைமுத்து, கீழக்குயில்குடிக்காரர். வீட்டில் சொந்தமாகவும் சில ஆடுகள் வைத்திருந்தார். நல்ல குட்டிகளை வீட்டுக்குக் கடத்திவிட்டு, தம்முடைய நோஞ்சான் குட்டிகளைப் பண்ணையில் விட்டுவிட்டார் என்று பண்ணை அதிகாரிக்குச் சந்தேகம்.

அதிகாரி விலங்கியல் துறைக்கு வந்தார். "இந்தக் குட்டிங்க அந்தக் கிடாவுக்குப் பொறந்ததா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க மேடம். போதும்" என்றார்.

கிடாவின் இரத்தம் ஒரே கோடு, ஏ. தாய் ஆடுகளும் ஒரே கோடு, ஏ. ஆகவே குட்டிகளும் ஒரே கோடாகத்தான் இருக்க வேண்டும். மெலிந்த குட்டிகள் எல்லாவற்றிலும் இரண்டு கோடு வந்தது. அக்கா புதிதாகக் கூழ் காய்ச்சி மீண்டும் பார்த்தார். மீண்டும் இரண்டு கோடு. பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தார்.

சோணைமுத்துவை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் அழைத்துப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அவருடைய மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. அது எங்களுக்கு அப்போது தெரியாது. எங்கள் முறை ஒரு வழக்கைத் தீர்த்துவிட்டது என்று கல்லூரியில் பாராட்டினார்கள். அக்காவும் அன்று சந்தோஷமாகவே இருந்தார்.

விலங்கியல் துறைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் சில ஆடுகள் வைத்திருந்தோம். அவற்றில் ஒரு செவலைப் பெட்டை ஆடு. அதன் இரத்தம் சுத்தமான ஏ. அதனால் ஒவ்வொரு பலகையிலும் முதல் இடம் அதற்குத்தான்; மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அடுத்த மழைக்காலத்தில் அந்தச் செவலை சரியாகத் தீனி எடுக்கவில்லை. தாடையின் கீழ் வீக்கம் கண்டது. அந்த வாரம் ஓட்டிய பலகையில் முதல் இடத்தில் இரண்டு கோடு நின்றது.

"குப்பி மாறியிருக்கும்க்கா" என்றேன்.

"நாந்தான் எடுத்தேன். மாறல."

மறுநாளும் எடுத்தார். இரண்டு கோடு. அன்று முழுவதும் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். வகுப்புக்கு மணி அடித்தது, போகவில்லை. பிறகு நேராகக் கொட்டகைக்குப் போய்ச் செவலையின் கண் இமையை விரித்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, தாள்போல வெளுத்திருந்தது.

"மரபணு நடுவுல மாறாது தனம். இதுக்கு உடம்புல ரத்தமே இல்ல. ரத்தம் கொறஞ்சதால உடம்பு வேற எதையோ செஞ்சு விடுது. அது பி நிக்கிற இடத்துலயே வந்து நிக்குது." இமையிலிருந்து கையை எடுத்தார். "அந்தப் பண்ணைக் குட்டிங்களும் இப்படித்தான மெலிஞ்சு கெடந்துச்சு."

கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். செவலை அவருடைய முந்தானையைக் கடித்து இழுத்தது. அதைத் தள்ளிவிடக்கூட இல்லை.

செவலைக்குப் புழு மருந்து கொடுத்தோம். அது தேறத் தேற இரண்டாவது கோடு மங்கிக்கொண்டே வந்து, கடைசியில் இல்லாமல் போயிற்று. வடக்கே தமக்குப் பயிற்சி கொடுத்தவருக்கு அக்கா எழுதிக் கேட்டார். பதில் வந்தது. ஏ வகை ஆடு சோகை பிடித்தால் மூன்றாவதாக ஒரு ஹீமோகுளோபினைச் செய்யும். அதற்கு சி என்று பெயர். வெளிநாட்டில் அதைக் கண்டு எழுதிச் சில காலம் ஆகிவிட்டது. நல்ல கூழில் சியையும் பியையும் பிரித்துப் பார்க்க முடியும். எங்கள் மரவள்ளிக் கூழில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரிந்தன. அதை எழுதிய இதழ் எங்கள் நூலகத்துக்கு வருவதில்லை.

"மாவை மலிவாக்கிட்டேன். சாயத்தை மலிவாக்கிட்டேன். படிக்கிறத மலிவாக்க முடியலையே" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

அடுத்த பஸ்ஸில் பண்ணைக்குப் போனார். நானும் உடன் போனேன். அதிகாரி காப்பி வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் இறுகியது.

"முடிஞ்சுபோன கதை மேடம். இப்ப எதுக்குக் கிளறணும்? உங்க பேருதான் கெடும்."

"கெடட்டும் சார். ஒரு மனுஷன் திருடன்னு பேரு வாங்கி வீட்ல இருக்காரு."

"எழுதிக் கொடுத்தது நீங்கதான?"

"நாந்தான். அதனாலதான் நானே வந்திருக்கேன்."

அக்கா காப்பியைத் தொடாமல் எழுந்துவிட்டார். வெளியே வந்ததும், "கீழக்குயில்குடி போறேன். வர்றியா, வீட்டுக்குப் போறியா?" என்று கேட்டார். போனோம். சோணைமுத்து அப்போது கல் உடைக்கப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் போன நேரத்தில் வேலை முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி எங்களைக் கண்டதும் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"நீங்கதான அந்த ரத்தம் பாக்குற டீச்சரு?"

"ஆமாம்மா. நான் பாத்தது தப்பு. உங்க வீட்டுக்காரர் குட்டிய மாத்தல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சோணைமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு வந்தார். கோபப்படுவார் என்று நான் பயந்தேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நான் மாத்தலைன்னு எனக்குத் தெரியும் டீச்சர். அத எனக்கு வந்து சொல்ல வேண்டியதில்ல. அங்க போயிச் சொல்லுங்க."

"சொல்லுவேன்" என்றார் அக்கா.

சொன்னார். பண்ணையில் சொன்னார், அதற்கு மேலே இருந்த அலுவலகத்தில் சொன்னார், அதற்கும் மேலே சொன்னார். வாசல் பெஞ்சுகளில் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குத் தெரியாத வித்தை. காலை ஆட்டிக்கொண்டே இருப்பார், பியூனிடம் திரும்பத் திரும்ப நேரம் கேட்பார். கல்லூரியில் சிலர், இது தேவையா, துறையின் பெயர் கெடுகிறதே என்று முணுமுணுத்தார்கள். கடைசியில் எல்லோர் முன்னிலையிலும் மறுசோதனை செய்து காட்டும்படி சொன்னார்கள்.

அவருடைய முறை மலிவானது என்பதன் முழுப் பலனையும் நான் அன்றுதான் கண்டேன். பெரிய கருவி என்றால் ஊரைக் கூட்டி அதன் முன்னால் நிறுத்த முடியாது. எங்கள் ஆய்வுக்கூடம் ஒரு ஜட்கா வண்டியில் அடங்கிவிட்டது. பண்ணை வராந்தாவில் மேசை போட்டு, கூழ்ப் பலகையை ஐஸ் மேல் வைத்து, ரேடியோக்காரரின் பெட்டியை இணைத்தோம். பழைய குட்டிகளில் செத்தவை போக, விற்றவை போக, மிச்சம் கொஞ்சம்தான் இருந்தன. அவற்றுக்கு முன்பே புழு மருந்து கொடுத்துத் தேற்றியிருந்தார்கள். அதிகாரிகள் முன்னால் இரத்தம் எடுத்தோம். சோணைமுத்துவும் வந்து தூணோரம் நின்றார். தாள் துணுக்குகளை நான் செருகினேன். அக்கா மின்சாரம் பாய்ச்சினார். பொழுது மெல்ல நகர்ந்தது.

மின்சாரத்தை நிறுத்திப் பலகையைத் தூக்கினார். ஒரே கோடு. அடுத்தது ஒரே கோடு. அதற்கடுத்ததும். கடைசிக் குட்டியில் இரண்டு கோடு நின்றது.

அதிகாரி உடனே விரலை வைத்தார். "இதுக்கு என்ன சொல்றீங்க?"

அந்தக் குட்டியும் நன்றாகத் தேறியிருந்தது. கண் இமை சிவப்பாகவே இருந்தது. அக்கா அந்தப் பலகையை நெடுநேரம் பார்த்தார். அதை மறைத்திருக்கலாம், ஓரத்துக் கோடுதான், கூழ் கிழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். என் வாயில்கூட அந்தச் சொல் வந்துவிட்டது.

"இது வேற கிடாவுக்குப் பொறந்திருக்கலாம் சார். வேலி தாண்டுற கிடா இல்லாத பண்ணை கிடையாது. இல்ல, வேற ஏதாவது இருக்கலாம், எனக்குத் தெரியாது. தெரியாதுன்னே எழுதிக்கங்க. ஆனா மத்ததெல்லாம் நான் தப்பாச் சொன்னது. இந்த ஒண்ண வச்சு ஒரு ஆளத் திருடன்னு சொல்ல முடியாது."

உத்தரவு வர அதன்பிறகும் வெகுகாலம் ஆயிற்று. சோணைமுத்துவை மீண்டும் வேலையில் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பண்ணையில் அல்ல, தொலைவில் வேறொன்றில். செய்தி தெரிந்ததும் அக்கா அவரைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து, அவர் சொன்னதை என்னிடம் அப்படியே சொன்னார்: "வேல வந்துருச்சு டீச்சர். பேரு இன்னும் வரல." மகளுக்குப் பிறகு வேறு இடத்தில் திருமணம் நடந்தது. எங்களுக்கு அழைப்பு இல்லை. அக்கா அதை எதிர்பார்க்கவும் இல்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் பல நாள் கழித்து, பேச்சுக்குச் சம்பந்தமே இல்லாமல், "அந்த ஒரு குட்டி யாருக்குப் பொறந்துச்சு தனம்?" என்று கேட்பார்.

பிறகு அவர் செய்த காரியம் அந்த முறையை எல்லோருக்கும் தெரியும்படி எழுதியது. மாவு எப்படி, அமிலம் எவ்வளவு, சாயம் எங்கே, மின்பெட்டி எப்படி என்று சின்னக் கையேடாக எழுதி, கல்லூரி சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் படி எடுத்து, கேட்ட கல்லூரிகளுக்கெல்லாம் அனுப்பினார். அதன் முதல் பக்கம் பண்ணைக் கதை. மெலிந்த ஆட்டின் இரத்தத்தை வைத்துப் பிறப்பைச் சொல்லக் கூடாது, நான் சொல்லித் தவறு செய்தேன் என்று தம் பெயரோடு எழுதினார். துறைத்தலைவர், "இதைக் கடைசியில் ஒரு குறிப்பாகப் போடலாமே" என்றார். அக்கா சொன்னார்: "கடைசிப் பக்கத்தை யாரும் படிக்கிறதில்ல சார்."

திருநெல்வேலியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். ஒருவர் கோழியில் செய்தார், ஒருவர் எருமையில். வந்தவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இந்தச் சோதனை எதச் சொல்லாதுன்னு தெரியுமா?" என்பதுதான். எதைச் சொல்லும் என்பதை அதன்பிறகே தொடங்குவார்.

புழுவைத் தாங்கும் குணத்தைத் தேடும் வேலை முடியவில்லை. ஒரு மந்தையில் ஏ வகைக் குட்டிகள் கொஞ்சம் தாக்குப்பிடிப்பதுபோலத் தெரிந்தது. அடுத்த மந்தையில் அப்படித் தெரியவில்லை. ஒவ்வொரு மழைக்காலமும் மலையடிவாரத்துக்குப் போனார். இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எண்பதுகளில், மரபணுவையே வெட்டி ஓடவிட்டுப் பார்க்கும் புதிய முறைகள் பற்றிச் செய்தி வரத் தொடங்கியது. மற்றவர்கள் அதெல்லாம் நமக்கு எட்டாது என்றார்கள். அவர் அந்த நோன்பு மாதத்தில் ஒரு கிண்ணத்தில் கடல்பாசி கொண்டு வந்தார். நோன்பு திறக்கும்போது சாப்பிடப் பால் சேர்த்துக் காய்ச்சும் கடல்பாசி அது. நான் கையை நீட்டினேன்.

"இத நீ சாப்புட்டுக்க" என்று அந்தக் கிண்ணத்தைத் தந்துவிட்டு, பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். உப்பு நீக்கிய வெறும் கடல்பாசிக் கூழ், கண்ணாடிபோலத் தெளிவாக. "அந்தப் புது முறைல அவங்க ஓட்டுறதும் கடல்பாசியிலருந்து எடுத்ததுதான் தனம். நம்ம ராமநாதபுரக் கடல்ல கெடைக்காததா?"

அந்த வேலையைத் தொடங்கியபோதே உடல் தளரத் தொடங்கியிருந்தது. சிறுநீரகம் என்றார்கள். விடுப்பு எடுக்கவில்லை, எடுத்தபோது நாள் கடந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சோதனைக்கூடத்து இளைஞர் இரத்தம் எடுக்க வந்தால் முதலில் அவர்தான் கேள்வி கேட்பார். "தம்பி, நேத்து நம்பர் எத வச்சுப் பாத்தீங்க? ரெண்டாவது தடவ பாத்தீங்களா?" அந்தத் தம்பி என்னிடம் வந்து, "அந்த மேடத்துக்கு மட்டும் எல்லாத்தையும் ரெண்டு தடவ பாக்குறேங்க. கேப்பாங்கன்னு பயம்" என்றார்.

கடைசியாகப் பார்த்தபோது பேசச் சிரமப்பட்டார். ஆனாலும் படுக்கை விரிப்பின் ஓரத்தை விரல்கள் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே இருந்தன. "கடல்பாசிய நல்லாக் கழுவுனீங்களா? உப்பு போகாம ஓட்டாதீங்க" என்றார். கழுவினோம் என்றேன். "இன்னொரு தடவ கழுவுங்க." அதற்கு மேல் நான் அவர் குரலைக் கேட்கவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து நான் கோரிப்பாளையம் சேர்ந்தபோது வீட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. பெண்கள் என்னை உள்ளே அழைத்துப் போனார்கள். குளிப்பாட்டி வெள்ளைக் கஃபன் துணி உடுத்தியிருந்தார்கள். அவ்வளவு அசையாமல் அவர் இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வரவில்லை. யாராவது அவரை எழுப்ப வேண்டும் என்ற பதற்றம்தான் வந்தது. காதர் அண்ணன் ஒருமுறை உள்ளே வந்து, எனக்கு உட்கார ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டுப் போனார்.

அசர் முடிந்து எடுத்தார்கள். அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. நாங்கள் மாடி ஜன்னலில் நின்றோம். கீழே கூட்டத்தில் பழைய மாணவிகளின் தகப்பன்மார்கள், மேலமாசி வீதி ரேடியோக்காரர், கல்லூரி ஊழியர்கள் எல்லோரும் தெரிந்தார்கள். சோணைமுத்து வந்திருக்கிறாரா என்று தேடினேன். அவருக்குச் செய்தி போனதா என்றே தெரியவில்லை. நான் பார்த்தவரை அவர் இல்லை.

உடல் கிடத்திய ஜனாஸாவை மெதுவாகக் கொண்டுபோக மாட்டார்கள். விரைந்து கொண்டு சேர்ப்பதுதான் அவர்கள் வழக்கம் என்று பக்கத்தில் நின்ற பெண் சொன்னார். தோள் மாற்றி, தோள் மாற்றி, ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். முச்சந்தியில் பஸ்களும் சைக்கிள்களும் குதிரை வண்டிகளும் அப்படியப்படியே நின்றன. தர்காவைத் தாண்டும்வரை ஜனாஸாவை மூடியிருந்த பச்சைப் போர்வை தலைகளுக்கு மேலே வேகமாக மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்று வாருங்கள், அக்கா. அங்கேயாவது சற்று உட்காருங்கள்.